கியூ6600: மல்டிப்ளையரைக் குறைச்சாலும் 333 எஃப்எஸ்பில டிஸ்ப்ளே வரல, பஸ் ஸ்பீடா மல்டிப்ளையரா எதைத் தொடணும்?

டேப்_டு_ஃபைல் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எங்க சித்தப்பா ஸ்டுடியோல கல்யாண வீடியோ எடிட் பண்ணிட்டிருந்த பழைய சிஸ்டம் ஒண்ணு இப்ப என்கிட்ட வந்திருக்கு. கோர் 2 குவாட் கியூ6600, கிகாபைட் பி35 சிப்செட் போர்டு, டிடிஆர்2 800 ராம் 2 ஜிபி ரெண்டு ஸ்டிக். ஸ்டுடியோக்குப் புது மெஷின் வாங்கிட்டாங்க, அதனால மினி டிவி டேப்புல இருந்து கேப்சர் பண்ணி வச்சிருக்க பழைய கல்யாண ஃபைல் எல்லாத்தையும் எக்ஸ்264ல (வீடியோ சுருக்குற சாஃப்ட்வேர்) சுருக்கி ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைக்கிற வேலை இதுக்கு. லினக்ஸ் போட்டிருக்கேன், ராத்திரி ஓட விட்டுட்டுப் படுத்தா காலைல பாதிதான் முடிஞ்சிருக்கு, அதான் கொஞ்சம் ஓவர்கிளாக் (கம்பெனி வச்ச வேகத்தை விட ஏத்தி ஓட்டுறது) பண்ணிப் பாக்கலாம்னு இறங்கினேன்.

இந்த பிராசசர் ஸ்டாக்ல (கம்பெனி செட்டிங்ல) பஸ் ஸ்பீடு 266 (எஃப்எஸ்பி, பிராசசரை மத்த பாகங்களோட இணைக்கிற பாதையோட கிளாக்), மல்டிப்ளையர் (அதைப் பெருக்குற எண்) 9, அதாவது 266 × 9 = 2.4 கிகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையர் 9க்கு மேல போக மாட்டேங்குது, கீழ மட்டும் 8, 7, 6 காட்டுது. அதனால பஸ் ஸ்பீடைத்தான் ஏத்தணும்னு படிச்சேன். 300 வச்சேன், 300 × 9 = 2.7, ஒரு பிரச்சனையும் இல்ல. அடுத்து 333 வச்சேன், அதுல இருந்துதான் தலைவலி. ஃபேன் சுத்துது, நின்னுடுது, திரும்ப சுத்துது, டிஸ்ப்ளே வரல, ரெண்டு மூணு தடவை இப்படி ஆகிட்டு கடைசில பழைய ஸ்டாக் செட்டிங்ல பூட் ஆகுது. சிபியு வோல்டேஜ் 1.35 வரைக்கும் ஏத்திப் பாத்தேன், அதே கதை.

இதுல எனக்குப் புரியாத விஷயம் என்னன்னா, மல்டிப்ளையரை 8 ஆக்கினேன், வரல. 7 ஆக்கினேன், அப்பவும் வரல. 333 × 7 = 2.33 தானே, ஸ்டாக் ஸ்பீடை விடவே கம்மி! 2.7ல ஜம்முனு ஓடின பிராசசர் 2.33ல ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது? பிராசசர்ல கோளாறா, போர்டுல கோளாறா?

இன்னொரு கேள்வி. என் ஃப்ரெண்டு ஐ5 2500கே வச்சிருக்கான், அவன் பஸ்ஸைத் தொடவே இல்ல, மல்டிப்ளையர் நம்பரை மட்டும் மாத்தி 4.4ல ஓட்டுறான், "பஸ் ஸ்பீடு ஏத்துறதெல்லாம் பழைய காலம், அதைத் தொட்டா எல்லாம் போயிடும்"னு சொல்றான். ரெண்டுல எது நல்லது, ஏன்?

---

பழைய_சிலிக்கான் எழுதியது:

தம்பி, பிராசசரும் நல்லா இருக்கு, போர்டும் நல்லா இருக்கு. நீங்க மல்டிப்ளையரை 7க்கு இறக்கி டெஸ்ட் பண்ணீங்க பாருங்க, அதுலயே பதில் வந்துடுச்சு. 2.33லயும் எழுந்திருக்கலன்னா மாட்டிக்கிட்டது பிராசசர் இல்ல, பஸ்ஸோட ஒட்டிக்கிட்டு ஏறின வேற ஏதோ ஒண்ணு. உங்க கேஸ்ல அது ராம்.

கணக்கைப் பாருங்க. உங்க ராம் டிடிஆர்2 800. ஸ்டாக்ல பஸ் 266 இருக்கும்போது போர்டு மெமரி மல்டிப்ளையரை ஆட்டோல 3.00 வச்சிருக்கும், 266 × 3 = 800, சரியா இருந்துச்சு. நீங்க 300 வச்சப்போ 300 × 3 = 900 ஆச்சு, உங்க ஸ்டிக் கொஞ்சம் தாங்குற சரக்கு போல, ஓடிடுச்சு. 333 வச்சதும் 333 × 3 = 1000. 800க்குன்னு வித்த ராமை 1000ல ஓடச் சொன்னா அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது, மெமரி இல்லாம பயாஸ் (மெஷினை எழுப்புற போர்டு சாஃப்ட்வேர்) ஒரு அடி நகராது, அதான் ஃபேன் சுத்தி நின்னு சுத்தி நின்னு கடைசில போர்டு தானா ஸ்டாக்குக்குத் திரும்பிடுது. சிபியு வோல்டேஜை எவ்வளவு ஏத்தினாலும் இதுக்கு மருந்து இல்ல, அதை முதல்ல நார்மலுக்கு இறக்கிடுங்க.

பஸ்ஸுக்கும் மல்டிப்ளையருக்கும் உள்ள வித்தியாசமே இங்கதான். பஸ் ஸ்பீடுங்கிறது தெருமுனை மெயின் வால்வு மாதிரி, அதைத் திருகினா தெருவுல எல்லா வீட்டுக் குழாயிலயும் வேகம் ஏறும், மல்டிப்ளையர்ங்கிறது ஒரு வீட்டுக் குழாய் மட்டும். உங்க போர்டுல அந்த 266ல இருந்து கிளம்புறது பிராசசர் மட்டும் இல்ல, நார்த்பிரிட்ஜும் (பிராசசரையும் ராமையும் இணைக்கிற போர்டு சிப்) அதே கிளாக், ராமும் அதுல இருந்துதான். அதனால பஸ்ஸை ஏத்தும்போது மத்ததோட ரேஷியோவை நாமதான் கையால இறக்கிக் கொண்டாந்து பழைய இடத்துல நிறுத்தணும்.

செய்ய வேண்டியது: பயாஸ் முதல் ஸ்கிரீன்ல கண்ட்ரோல் + எஃப்1 அழுத்துங்க, அப்பதான் சில ஆப்ஷன் எல்லாம் வெளிய வரும். எம்.ஐ.டி. மெனுக்குள்ள (ஓவர்கிளாக் செட்டிங் எல்லாம் இருக்க மெனு) போங்க. சிபியு ஹோஸ்ட் கிளாக் கண்ட்ரோலை எனேபிள் பண்ணிட்டு ஹோஸ்ட் ஃப்ரீக்வென்சி 333 டைப் பண்ணுங்க. அதுக்குக் கீழ பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுற பாதை) ஃப்ரீக்வென்சின்னு ஒண்ணு இருக்கும், ஆட்டோல விடாதீங்க, 100னு கையால போட்டு லாக் பண்ணுங்க, இது ரொம்ப முக்கியம். அப்புறம் சிஸ்டம் மெமரி மல்டிப்ளையர், முதல்ல 2.00 வைங்க. ராம் 667ல ஓடும், ஸ்டாக்கை விட கம்மி, அதனால ராம் மேல சந்தேகமே வராது. அதுல ஸ்டேபிளா நின்னதுக்கப்புறம் 2.40 மாத்துங்க, 333 × 2.4 = 800, ராம் அதோட சொந்த ஸ்பீடுக்கு வந்துடும்.

இன்னொண்ணு சொல்றேன், இந்த 9 × 333ங்கிறது கண்ட நம்பர் இல்ல. 2007 ஜூலைல இன்டெல் கோர் 2 எக்ஸ்ட்ரீம் கியூஎக்ஸ்6850னு ஒண்ணு விட்டாங்க, 333 × 9 = 3.0 கிகாஹெர்ட்ஸ், 1333 எஃப்எஸ்பி (அதே 333 × 4), விலை 999 டாலர். அதே மாசம் கியூ6600 விலையை 266 டாலருக்கு இறக்கினாங்க. ரெண்டும் அதே 65 நேனோமீட்டர், அதே 8 எம்பி கேஷ் (பிராசசரோட சொந்த வேக மெமரி). நீங்க 9 × 333 வைக்கும்போது உங்க சிப்பை அந்த 999 டாலர் சிப்போட ஸ்பீடுல, அதே பஸ்ல ஓட்டுறீங்க. உங்க போர்டு சிப்செட்டுக்கும் 1333 எஃப்எஸ்பி அதிகாரபூர்வ ஸ்பீடுதான், அதாவது போர்டு பக்கம் பாத்தா நீங்க ஓவர்கிளாக்கே பண்ணல. இவ்வளவு பொருத்தமா அமையுற செட்டிங் அபூர்வம்.

பிராசசர் மூடி மேல எஸ்எல்ஏசிஆர்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா ஜி0 ஸ்டெப்பிங் (அதே சிப்போட திருத்தின பதிப்பு), 95 வாட். பழைய பி3 ஸ்டெப்பிங்னா 105 வாட், சூடு கூட.

---

நானூறு_அடிப்போம் எழுதியது:

மேல சொன்னது எல்லாம் சரி ஆனா ஏன் 333லயே நிறுத்தணும்? மல்டிப்ளையரை 8 ஆக்கிட்டு பஸ்ஸை 400 வைங்க ப்ரோ, 3.2 கிகாஹெர்ட்ஸ், ராம் 2.00ல 400 × 2 = 800, பஸ்ஸுக்கும் ராமுக்கும் கிளாக் சுத்தமா 1:1. பழைய குவாட்ல பஸ் ஸ்பீடுதான் உயிரே, கியூ6600ங்கிறது உண்மையில நாலு கோர் ஒரே சில்லுல இருக்கிற சிப் இல்ல, ரெண்டு டூயல் கோர் சில்லை ஒரே மூடிக்குள்ள பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சது. முதல் சில்லுல இருக்க கோர் ரெண்டாவது சில்லுகிட்ட டேட்டா கேட்டா அது உள்ளுக்குள்ளயே போகாது, வெளிய எஃப்எஸ்பில இறங்கித்தான் போய் வரணும், ராமுக்குப் போற டிராஃபிக்கும் அதே ரோடுதான். அந்த ரோட்டை அகலப்படுத்தாம மல்டிப்ளையரை மட்டும் ஏத்தி என்ன புண்ணியம்? கியூஎக்ஸ்6700 மாதிரி மல்டிப்ளையர் லாக் இல்லாத சிப் கையில இருந்தாக்கூட நான் பஸ்ஸைத்தான் முதல்ல ஏத்துவேன்.

---

பழைய_சிலிக்கான் எழுதியது:

நானூறு ப்ரோ சொல்ற காரணம் சரி, அதை நான் மறுக்கல. எஃப்எஸ்பி ஒரு கிளாக்குக்கு நாலு தடவை டேட்டா அனுப்பும், அகலம் 8 பைட். 266 × 4 × 8னா சுமார் 8.5 ஜிபி ஒரு செகண்டுக்கு. டூயல் சேனல்ல டிடிஆர்2 800 குடுக்கக்கூடியது 12.8 ஜிபி. அதாவது ஸ்டாக்ல ராம் 12.8 குடுக்கத் தயாரா நிக்குது, பஸ் 8.5க்கு மேல வாங்க மாட்டேங்குது, பாக்கி வீண். 333ல 10.6 ஆகும், 400ல 12.8, ராமும் பஸ்ஸும் சமமாகிடும். பஸ்ஸை ஏத்தினா பிராசசர் ஸ்பீடு அப்படியே இருந்தாலும் லாபம் உண்டுங்கிறது இதனாலதான். 9 × 333, 8 × 375 ரெண்டும் 3.0தான், ஆனா ரெண்டாவதுல மெமரி பாதை அகலம்.

ஆனா அந்த லாபம் யாருக்குங்கிறதையும் பாக்கணும். எக்ஸ்264 என்கோடிங் பெரும்பாலும் கேஷுக்குள்ளயே கணக்குப் போட்டுட்டு இருக்கிற வேலை, அதுலயும் மினி டிவி ஃபிரேம் 720 × 576, ரொம்பச் சின்னது. அதுக்கு வேணும்கிறது கோர் ஸ்பீடு. பஸ் 333ல இருந்து 400 போறதால அந்த வேலைக்குக் கிடைக்கிறது கொஞ்சம், அதுக்காக நார்த்பிரிட்ஜை வாட்டணும். 400ல நார்த்பிரிட்ஜுக்குத் தனியா வோல்டேஜ் ஏத்த வேண்டி வரலாம், பயாஸ்ல ஜி.எம்.சி.ஹெச் ஓவர்வோல்டேஜ்னு இருக்கும் பாருங்க. அந்தச் சின்ன அலுமினிய ஹீட்சிங்குக்கு ஃபேன் கிடையாது. நம்ம ஊர் மே மாச ரூம்ல ஏசி இல்லாம ராத்திரி முழுக்க என்கோடிங் ஓட்டுற மெஷின் இது, அதை மறந்துடக் கூடாது. அதோட பஸ் ஏற ஏற போர்டு தன்னைக் காப்பாத்திக்க நார்த்பிரிட்ஜ் உள்ளுக்குள்ள டிலேவை ஆட்டோல தளர்த்தி விட்டுடும், அப்போ அகலப்படுத்தின ரோட்டுல பாதி லாபம் அங்கயே கழிஞ்சிடும். இதைக் கையால இறுக்கத் தெரிஞ்சவங்களுக்கு 400 நல்ல விளையாட்டு. முதல் தடவை பண்றவருக்கு 333.

குவாட்ல எஃப்எஸ்பி லைன்ல ரெண்டு சில்லு தொங்குது, அதனால டூயல் கோர் அதே போர்டுல போற உயரத்துக்கு குவாட் போகாது. உங்க போர்டு எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சுக்கணும்னா மல்டிப்ளையரை 6ல வச்சு, மெமரி மல்டிப்ளையரை 2.00ல வச்சு, பஸ்ஸை மட்டும் பத்துப் பத்தா ஏத்திட்டுப் போங்க. 6 × 400 = 2.4, பிராசசருக்கு அது ஸ்டாக்தான், அதனால எங்க விழுதோ அது போர்டோட அல்லது பஸ்ஸோட எல்லை. 400க்கு மேல போய்ப் பாக்காதீங்க, மெமரி 2.00க்குக் கீழ இறங்காது, அப்புறம் விழுந்தது ராமா போர்டான்னு திரும்பக் குழப்பம் வரும். இதை முடிச்சிட்டு பஸ்ஸைப் பத்திரமான இடத்துல நிறுத்தி மல்டிப்ளையரை ஒண்ணொண்ணா ஏத்தினா பிராசசரோட எல்லை தனியாத் தெரியும். பஸ், ராம், பிராசசர் மூணையும் ஒரே நேரத்துல ஏத்திட்டு எது விழுந்துச்சுன்னு தேடுறதுதான் இந்த வேலைல பாதிப் பேர் வெறுத்துப் போற இடம்.

---

செலரான்_காலம் எழுதியது:

பஸ் ஸ்பீடைத் தொட்டா எல்லாம் போயிடும்னு தம்பியோட ஃப்ரெண்டு சொன்னது எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன், இது 98ல இருந்தே வர்ற பேச்சு, அதுல உண்மை இருக்கு.

1998ல செலரான் 300ஏன்னு ஒரு சிப் வந்துச்சு. 66 × 4.5 = 300. மல்டிப்ளையர் லாக். ஆனா பஸ்ஸை 100 வச்சா 450ல அப்படியே ஓடும், நிறைய சிப்பு எக்ஸ்ட்ரா வோல்டேஜ் கூடக் கேக்காது. 128 கேபி கேஷ் சில்லுக்குள்ளயே முழு ஸ்பீடுல இருந்துச்சு, அதே நேரத்துல வித்த பென்டியம் 2 450க்கு கேஷ் 512 கேபி, ஆனா அது வெளிய தனி சிப்ல, பாதி ஸ்பீடுல. அதனால அந்த மலிவு செலரான் பல வேலைல பெரிய அண்ணனுக்குச் சமமா நின்னுச்சு. 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுல பஸ் மாத்த ஆப்ஷன் இல்லன்னா ஸ்லாட்ல பி21ங்கிற ஒரு பின்னுக்கு மேல டேப் ஒட்டி மறைச்சா போதும், போர்டு இது 100 பஸ் சிப்புன்னு நினைச்சுக்கும். கியூ6600 காலத்துலயும் பஸ் ஆப்ஷன் இல்லாத பிராண்டட் போர்டுல இதே மாதிரி டேப் வேலை பண்ணி 266 சிப்பை 333ன்னு காட்டினவங்க உண்டு.

இதுல ஒரு வேடிக்கையான விஷயம், 100 வைக்கிறதை விட 83 வைக்கிறது ஆபத்து! பிசிஐ ஸ்லாட்டும் ஹார்ட் டிஸ்க் கண்ட்ரோலரும் 33 மெகாஹெர்ட்ஸ்ல ஓடணும். 66 பஸ்ல போர்டு அதை ரெண்டால வகுக்கும், 33. 100ல மூணால வகுக்கும், திரும்பவும் 33. 75 வச்சா ரெண்டாலதான் வகுக்கும், 37.5. 83 வச்சா 41.6. அந்த ஸ்பீடுல ஹார்ட் டிஸ்க் படிக்கிற எழுதுற டேட்டா கெட்டுப் போகும், விண்டோஸ் திறக்கும், வேலை செய்யும், ஒரு நாள் ஃபைல் எல்லாம் உருக்குலைஞ்சு கிடக்கும். பஸ் ஓவர்கிளாக்குக்குக் கெட்ட பேர் வந்தது பெரும்பாலும் இந்த நடு ஸ்பீடுகளாலதான். இப்ப உங்களுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸை 100ல லாக் பண்ணச் சொன்னாங்களே, அது இந்தப் பிரச்சனைக்குத்தான்.

ஏஎம்டி பக்கம் 2003ல பார்ட்டன் 2500+ வந்துச்சு, 166 × 11 = 1833. என்ஃபோர்ஸ்2 போர்டுல பிசிஐயும் ஏஜிபியும் (அப்போ கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுற ஸ்லாட்) லாக் ஆகி இருக்கும், பஸ்ஸை 200 வச்சா 2200, பூட் ஸ்கிரீன்லயே 3200+னு பேர் மாறி வரும். அதுக்கு முந்தி தண்டர்பேர்ட் அத்லான்ல மல்டிப்ளையரே பென்சில்ல திறந்துச்சு, சிப் மேல எல்1னு எழுதின குட்டிப் பாலங்கள் வெட்டி விட்டிருப்பாங்க, பென்சில் கிராஃபைட்டால கோடு போட்டு இணைச்சா லாக் போச்சு. 3பி பென்சிலை நல்லாக் கூராச் சீவிட்டு, பக்கத்துக் கோட்டுல படாம, கையை டேபிள்ல ஊணிக்கிட்டு போடணும், முடிச்சதும் ஊதித் தூசியை எடுக்கணும், ரெண்டு பாலம் ஒட்டிக்கிச்சுன்னா திரும்ப அழிச்சுட்டுப் போடணும்.

கம்பெனிங்க மல்டிப்ளையரை லாக் பண்ண ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம் அப்போ மார்க்கெட்ல நடந்த திருட்டு, கம்மி ஸ்பீடு சிப்பு மேல இருக்க எழுத்தை மாத்தி அதிக ஸ்பீடுன்னு வித்தாங்க.

---

மின்மினி எழுதியது:

2500கே பத்தி நான் சொல்றேன், என்கிட்ட இருக்கிறதும் அதுதான்.

2011 ஜனவரில சாண்டி பிரிட்ஜ் (2500கே சிப்போட தலைமுறை) வந்தப்போ இன்டெல் எல்லாத்துக்கும் ஒரே கிளாக் ஜெனரேட்டரா சிப்செட்டுக்குள்ள வச்சிட்டாங்க. அந்த 100 மெகாஹெர்ட்ஸ்ல இருந்துதான் பிராசசரும், பிசிஐ எக்ஸ்பிரஸும், சாட்டாவும் (டிஸ்க் மாட்டுற பாதை), பிராசசரையும் சிப்செட்டையும் இணைக்கிற டிஎம்ஐயும். தனியா லாக் பண்ண வழியே இல்ல. 103, 105 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல சாட்டா டிஸ்க் காணாமப் போகும், கிராஃபிக்ஸ் கார்டு தகராறு பண்ணும். அந்த ஃப்ரெண்டு சொன்னது அவர் போர்டுக்கு முழுக்க முழுக்கச் சரி, உங்க போர்டுக்குப் பொருந்தாது.

அதோட அந்த ஜெனரேஷன்ல பஸ்ஸை ஏத்தி ஆகப்போற லாபமும் ஒண்ணும் இல்ல. மெமரி கண்ட்ரோலர் பிராசசருக்குள்ளயே போயிடுச்சு, நாலு கோரும் ஒரே சில்லு, கோருக்கு கோர் பேசுறது உள்ளுக்குள்ளயே ரிங்ல நடக்குது. எஃப்எஸ்பிங்கிற அந்த நெருக்கடி ரோடே இல்ல. அதனால மல்டிப்ளையர் 33ஐ 45 ஆக்கினா கோர் மட்டும் 4.5 போகுது, ராம் அதோட இடத்துல, டிஸ்க் அதோட இடத்துல. விழுந்தா கோரோட வோல்டேஜோ சூடோதான் காரணம், தேடவே வேண்டாம். ஆனா கே சிப்பு (மல்டிப்ளையர் லாக் இல்லாதது) மட்டும் பத்தாது, போர்டும் பி67, இசட்68 மாதிரி இருக்கணும், ஹெச்61 போர்டுல கே சிப் போட்டு வச்சிருக்கவங்களைப் பாத்தா எனக்கு மனசே கேக்காது, கூடக் காசு குடுத்து வாங்கின சிப்பு, கட்டிப் போட்ட மாதிரி கிடக்கும்.

இடையில 2008 நவம்பர்ல வந்த ஐ7 920 ரெண்டுக்கும் நடுவுல. மல்டிப்ளையர் மேல போகாது, மெமரி கண்ட்ரோலர் உள்ள, ஆனா 133 பேஸ் கிளாக்கை 200 வரைக்கும் ஏத்த முடிஞ்சுது, 20 × 200 = 4.0. அதுல ராம், அன்கோர் (பிராசசருக்குள்ள கோர் இல்லாத பகுதி), கியூபிஐ (பிராசசரைச் சிப்செட்டோட இணைக்கிற பாதை) மூணு ரேஷியோவையும் சேத்து இறக்கணும், அன்கோர் ஸ்பீடு ராம் ஸ்பீடை விட ரெண்டு மடங்காவது இருக்கணும்னு ஒரு கண்டிஷன் வேற. பொறுமை இருக்கிறவங்களுக்கு அருமையான சிப்பு.

2015ல இன்டெலோட ஸ்கைலேக் தலைமுறை வந்தப்போ பிசிஐ எக்ஸ்பிரஸ் கிளாக்கைத் திரும்பப் பிரிச்சாங்க, அந்த வருஷக் கடைசில சில போர்டு கம்பெனிங்க பயாஸ் அப்டேட் விட்டு லாக் ஆன ஐ3 6100ஐக்கூட பேஸ் கிளாக் வழியா 4.5க்கு மேல தூக்க விட்டாங்க. ஆனா அப்படி ஓட்டும்போது உள்ள இருக்க கிராஃபிக்ஸ் வேலை செய்யாது, பவர் சேவிங் போயிடும், டெம்பரேச்சர் ரீடிங் ஒழுங்கா வராது, ஏவிஎக்ஸ் (பல கணக்கை ஒண்ணாப் போடுற கட்டளைகள்) வேலை மந்தமாகிடும். 2016 ஆரம்பத்துல இன்டெல் அந்த வழியை மூடிட்டாங்க. காசு கம்மியா இருக்கவங்களுக்குக் கிடைச்ச ஒரு வாசல், அதை மூடினது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

---

டேப்_டு_ஃபைல் எழுதியது:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெமரி மல்டிப்ளையர் 2.00 வச்சதும் முதல் தடவைலயே 333 × 9 எழுந்திடுச்சு! பிராசசர் எஸ்எல்ஏசிஆர்தான். சிபியு வோல்டேஜ் நார்மல்லயே விட்டுட்டேன், பிசிஐ எக்ஸ்பிரஸ் 100 போட்டாச்சு. மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கிற டூல்) ராத்திரி முழுக்க ஓட்டினேன், எரர் இல்ல. அதுக்கப்புறம் 2.40 மாத்தி திரும்ப மெம்டெஸ்ட், அதுவும் சுத்தம். ஒரு மணி நேர டேப் ஒண்ணு முன்ன 50 நிமிஷம் எடுத்துச்சு, இப்ப 40 நிமிஷம் சொச்சம்.

ஒரு சந்தேகம், சும்மா இருக்கும்போது ஸ்பீடு 2.0 கிகாஹெர்ட்ஸ்னு காட்டுது, 3.0 காணோம். ஓவர்கிளாக் கழண்டுக்கிச்சா?

அப்புறம் டெம்பரேச்சர், என்கோடிங் ஓடும்போது கோர் 74, 75 வரைக்கும் போகுது, பாக்ஸோட வந்த கூலர்தான். 3.2, 3.4 போலாமா?

---

பழைய_சிலிக்கான் எழுதியது:

கழண்டுக்கல. சும்மா இருக்கும்போது ஸ்பீட்ஸ்டெப்பும் சி1ஈயும் (பிராசசரோட பவர் சேவிங் வசதிகள்) மல்டிப்ளையரை 6க்கு இறக்கும், 333 × 6 = 2.0. ஸ்டாக்லயும் 266 × 6 = 1.6 காட்டியிருக்கும். வேலை வந்தா 9க்கு ஏறிடும். இதை ஆஃப் பண்ணச் சொல்லிப் பல பேர் எழுதுவாங்க, 333ல அவசியமே இல்ல, கரண்டு மிச்சம், விட்டுடுங்க. இங்க பாருங்க, பிராசசர் தானாத் தூங்கி எழுந்திருக்கவும் மல்டிப்ளையரைத்தான் ஆட்டுது, பஸ்ஸைத் தொடுறதே இல்ல. பஸ்ஸை மாத்தினா கூட இருக்க அத்தனை பேரும் சேர்ந்து மாறணும், ஓடுற ஓட்டத்துல அது லேசான வேலை இல்ல.

சூட்டைப் பத்தி. 2.4ல இருந்து 3.0, வோல்டேஜ் அதே, அப்போ பவர் ஸ்பீடோட விகிதத்துலதான் ஏறும், 25 சதவீதம், 95 வாட்னு வச்சா 119 பக்கம். 3.6 போகணும்னா வோல்டேஜ் ஏத்தணும், வோல்டேஜ் வர்க்கமா ஏறும். 1.25ல இருந்து 1.40னு வைங்க, ஸ்பீடுல ஒன்றரை மடங்கு, வோல்டேஜ் வர்க்கத்துல 1.25 மடங்கு, சேத்தா 1.88 மடங்கு, 95 வாட் சிப்பு 180 வாட் கிட்ட. பாக்ஸ் கூலர் அதுக்குச் செஞ்சது இல்ல. 3.6க்கு பஸ் 400 வேற வேணும்.

முதல்ல கூலரைக் கழட்டுங்க. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல இருக்க இத்தனை வருஷத்து தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பா இருக்கும், ஐசோப்ரொப்பைல்ல தொடைச்சிட்டு புதுசு வைங்க, பட்டாணி அளவு போதும். போட்டதுக்கப்புறம் போர்டுக்குப் பின்பக்கம் பாருங்க, நாலு புஷ் பின்னும் முழுசா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், வெள்ளை முனைக்கு நடுவுல கருப்புப் பின் இறங்கி விரிஞ்சிருக்கணும். ஒண்ணு பாதில நின்னாலும் ஒரு ஓரம் தூக்கிக்கும், அதுலயே பத்து டிகிரி போகும்.

ஸ்டேபிளான்னு பாக்க மெம்டெஸ்ட் மட்டும் பத்தாது. பிரைம்95ல (பிராசசரை முழுசா வேலை வாங்கிச் சோதிக்கிற புரோகிராம்) ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட் ஓட்டுங்க, அது கோரையும் சூட்டையும் சோதிக்கும், அப்புறம் பிளெண்ட், அது ராமையும் நார்த்பிரிட்ஜையும் சேத்து இழுக்கும். பஸ் ஓவர்கிளாக்ல பிளெண்ட்தான் உண்மையைச் சொல்லும். ஹேங் ஆகலன்னா ஸ்டேபிள்னு எடுத்துக்காதீங்க, ராமோ பஸ்ஸோ லேசாத் தப்பு விட்டா மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும், என்கோட் ஆன ஃபைல்ல எங்கயோ ஒரு இடத்துல தாலி கட்டுற நேரத்துல பச்சைக் கட்டம் கட்டமா வரும். அந்த டேப் எல்லாம் திரும்ப எடுக்க முடியாத டேப்பு. ஒரிஜினல் டிவி ஃபைலை அழிக்கிறதுக்கு முந்தி புது ஃபைலை ஒரு தடவை முழுசா டீகோட் பண்ணி எரர் வருதான்னு பாத்துடுங்க.

---

நானூறு_அடிப்போம் எழுதியது:

திரும்ப எடுக்க முடியாத டேப்புன்னா நானும் 333தான் சொல்வேன். 8 × 400 விளையாடுறதுக்குன்னு இன்னொரு செட்டிங்கா பயாஸ் ப்ரொஃபைல்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க, என்கோடிங் இல்லாத நாள்ல போட்டுப் பாருங்க. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்ன போட்டிருக்கீங்க? கேபினெட்டோட சேத்து வர்ற 450 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டின சரக்குன்னா 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர்னு லேபிள்ல பாருங்க, மொத்த வாட்டைப் பாக்காதீங்க, பிராசசருக்குப் போறது அந்த 12 வோல்ட்தான்.

---

ரைசன்_வீடு எழுதியது:

இடைல புகுந்து ஒரு கேள்வி, மன்னிக்கணும். என்கிட்ட ரைசன் 5 5600, பி450 போர்டு. பேஸ் கிளாக் 100, மல்டிப்ளையர் கால் கால் ஸ்டெப்பா மாத்த முடியுது. இதுல எதைத் தொடலாம்?

---

மின்மினி எழுதியது:

பேஸ் கிளாக்கை 100லயே விடுங்க. உங்க போர்டுல அதை ஏத்தினா ராம், இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (சிப்புக்குள்ள பாகங்களை இணைக்கிற பாதை), பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் கூடவே ஏறும், என்விஎம்ஈ டிஸ்க் இருந்தா அது முதல்ல முரண்டு பிடிக்கும். மல்டிப்ளையரைக் கையால லாக் பண்றதும் இந்தச் சிப்புக்கு அவ்வளவு லாபம் இல்ல. ஒத்தைக் கோர் வேலைல அது தானாவே 4.4 வரைக்கும் போகுது, நீங்க எல்லாக் கோரையும் 4.3ல பூட்டிட்டா கேம்ல எதிர்பாக்குற அந்த ஒத்தைக் கோர் வேகம் குறையும், சும்மா இருக்கும்போதும் வோல்டேஜ் ஏறியே நிக்கும். பிபிஓ (பவர் லிமிட்டைத் தளர்த்தி சிப்பே ஸ்பீடை ஏத்திக்க விடுற வசதி) எனேபிள் பண்ணி கர்வ் ஆப்டிமைசர்ல (ஸ்பீடுக்கு ஏத்த வோல்டேஜைக் குறைக்கிற செட்டிங்) நெகட்டிவ் 10ல ஆரம்பிங்க, ஸ்டேபிளா இருந்தா 15, 20னு போங்க. மீதி நேரத்தை ராம்ல செலவு பண்ணுங்க, 3600 ராம்னா ஃபேப்ரிக் 1800, 1:1ல ஓடுதான்னு பாருங்க, பல போர்டு எக்ஸ்எம்பி (ராம் பாக்ஸ்ல போட்டிருக்க ஸ்பீடுக்கான ப்ரொஃபைல்) போடாம 2133லயோ 2400லயோ விட்டு வச்சிருக்கும்.

---

டேப்_டு_ஃபைல் எழுதியது:

பேஸ்ட் மாத்திட்டேன் அண்ணே, காஞ்சு பொடியாத்தான் இருந்துச்சு. அதே என்கோடிங்ல இப்ப 66 தாண்டல. பின்பக்கம் பாத்தேன், மேல வலது பின் பாதிதான் இறங்கியிருந்துச்சு, அழுத்தி விட்டேன். பிரைம்95 பிளெண்ட் இப்ப ஓடிட்டிருக்கு. எஸ்எம்பிஎஸ் லேபிள்ல 12 வோல்ட் 18 ஆம்பியர்னு ஒரே ஒரு லைன் போட்டிருக்கு, கிராஃபிக்ஸ் கார்டு பழைய சின்னது, தனியா பவர் கனெக்டர் இல்லாதது. 3.0க்கு இது போதுமா?

---

நானூறு_அடிப்போம் எழுதியது:

18 × 12 = 216 வாட். பிராசசர் 120, ரெகுலேட்டர்ல வீணாகுறதையும் சேத்து 140னு வைங்க, கார்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேத்தா 200 கிட்ட வந்துடும். லேபிள்ல எழுதினதை அது உண்மையாவே குடுத்தாத்தான் அந்த 216ம். 3.0க்கு இப்போதைக்கு ஓடும், மேல ஒரு படி கூட ஏறாதீங்க, அடுத்து காசு வந்தா முதல்ல நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்க, கூலர் அப்புறம்.